கர்த்தர் பரிகாரி என்றால் ஜெபித்தும் ஏன் குணமாகவில்லை?

உங்கள் அக்காவுக்காக இரண்டு ஆண்டுகளாக ஜெபித்தும் நோய் தீரவில்லை என்றும், அது அவருடைய விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் சிலர் சொல்வதாகவும், மருந்து சாப்பிடுவதே அவிசுவாசமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல. காட்பாடியில் பிறந்து வளர்ந்து, நோயுற்ற தாயை ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற நிலையிலிருந்துதான் பதில் எழுதுகிறேன்.

'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்ற வசனம் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. இன்று பரிகாரம் என்றதும் தோஷம் கழிக்கச் செய்யும் சடங்கு நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பழைய தமிழில் பரிகாரி என்றால் வைத்தியர். தேவன் இந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட இடம் ஒரு நோயாளியின் படுக்கை அல்ல என்பதைக் கவனியுங்கள். மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்துவந்த மக்கள், மாராவில் கிடைத்த தண்ணீரும் கசந்ததால் முறுமுறுத்த இடம் அது. தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் கெட்டுப்போன பாலாற்றங்கரை ஊர்களில் உறவினர்கள் உள்ள எனக்கு, வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 'குணமாக்குதல்' என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல்லின் வேர், எலியா இடிந்த பலிபீடத்தைச் செப்பனிட்டதைச் சொல்லும்போதும், எலிசா எரிகோவின் கெட்ட நீரூற்றை ஆரோக்கியமாக்கியதைச் சொல்லும்போதும் வருகிறது. ஆகவே வேதத்தில் குணமாக்குதல் என்பது காய்ச்சல் இறங்குவது மட்டுமன்று. குலைந்துபோனதை அதன் நிலைக்குத் திருப்புவது.

மருந்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. எசேக்கியா ராஜாவிடம் 'நான் உன்னைக் குணமாக்குவேன்' என்று கர்த்தர் சொன்ன அதே அதிகாரத்தில், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் செய்து ராஜாவின் பிளவை என்னும் கட்டியின்மேல் பற்றுப்போட வைக்கிறார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது மாற்கு 1ஆம் அதிகாரத்துக் குஷ்டரோகியைப் பற்றி. இயேசு ஒரு வார்த்தையாலேயே அவனைச் சுத்தமாக்கியிருக்கலாம். ஆனால் 'மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு' என்று எழுதியிருக்கிறது. ரோகம் நீங்கிய பிறகு தொடவில்லை. தீண்டத்தகாதவனாக அவன் நின்றபோதே தொட்டார். இதை நான் பிரசங்கத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் தாத்தா தொழுநோயாளிகளுக்குச் செருப்புத் தைத்தவர். கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போவதால் காயம் தெரியாமல் சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண்களை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். பாதம் புண்ணாகாதிருக்க மென்மையான ரப்பரில் செருப்புகள் வந்தன. நோயாளியின் பாதத்தைத் தம் மடியில் வைத்து, உள்ளங்காலில் எந்த இடத்தில் தோல் தடித்திருக்கிறது என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்து, அதற்கேற்ப அட்டையை வெட்டுவார் தாத்தா. 'எனக்கு வலிக்காதே ஐயா, ஏன் இவ்வளவு மெதுவாகப் பிடிக்கிறீர்கள்?' என்று ஒரு பெரியவர் கேட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவருக்கு உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் அவருடைய பாதத்தை ஒருவர் மடியில் ஏந்தினார். கர்த்தர் அந்த அறையில் பரிகாரியாக இருந்தார் என்றே நான் நம்புகிறேன்.

இனி, குணமாகாதவர்களைப் பற்றி. என் அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் பழுதடைந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துவந்தோம். வீட்டிற்கு ஜெபிக்க வந்த ஒரு சகோதரர், 'அம்மா, நீங்கள் இன்னும் முழுமையாக விசுவாசிக்கவில்லை' என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அம்மா மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் மெல்லத் தள்ளியதைப் பார்த்தேன். நோயைவிட அந்த வெட்கம்தான் அவரை வாட்டியது. அந்தச் சகோதரர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் பிறவிக்குருடனைக் கண்டு 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, அவன் செய்ததுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்று இயேசு மறுத்ததை அவர் மறந்துவிட்டார். தம் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்பதே கிடைத்த பதில். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்றும் அவர் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் துணிவு நம்மில் யாருக்கு இருக்கிறது?

பின்பு எங்கள் ஆயர் வந்து, யாக்கோபு நிருபத்தில் உள்ளபடி அம்மாவின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், 'இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா அம்மா?' என்று கேட்டு, அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மா குணமடையவில்லை, அடுத்த ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆனால் அன்றிலிருந்து மாத்திரை அட்டை வேதாகமத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல்தான் இருந்தது.

உங்கள் அக்கா மருந்தை நிறுத்த வேண்டாம். ஜெபத்தையும் நிறுத்த வேண்டாம். விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் மீண்டும் வந்தால், அவர்களோடு வாதிடாமல், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிறவிக்குருடனைப் பற்றிய யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை அவர் காது கேட்க வாசியுங்கள்.