பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்

"என் புகையிலையில் பூசண நோய் வந்திருக்கிறது. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்ததா, இல்லை வானிலைதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் வயலில் முதலில் தெரிந்து, சில நாள் கழித்து உங்களுடையதில் தெரிந்திருக்கும். அவர் மேல் கடுப்பில் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு வந்தது சாம்பல் நோய். மாவைத் தூவியது போல வெள்ளைத் திட்டு, அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். பக்கத்து வயலை ஒட்டிய வரிசையில்தான் முதலில் கண்ணில் பட்டது. நேராகப் போய், "உங்களால்தான் அண்ணே எனக்கும் வந்தது" என்று கத்திவிட்டேன். வயதில் பெரியவர், பதிலே பேசவில்லை. என் வயலுக்குள் இறங்கி, நட்டநடுவில் ஒரு செடியின் அடி இலையைத் தூக்கிக் காட்டினார். வரப்போரத்தை விட அங்கே முற்றிக் கிடந்தது.

காற்று வித்துகளை, அதாவது நோயைப் பரப்பும் நுண்ணிய தூளை, கொண்டு வந்தது உண்மை. வந்ததற்குப் பாய் விரித்தது நான். செடிகளை நெருக்கி நட்டிருந்தேன், தழைச்சத்தை அள்ளிப் போட்டிருந்தேன், அடி இலை ஒடிப்பதைத் தள்ளிப்போட்டேன். வெயிலும் உள்ளே புகவில்லை, காற்றும் ஓடவில்லை. பத்து நாளாக மேகமூட்டம். சொட்டு மழை இல்லையே, நோய் எங்கே வரப்போகிறது என்று இருந்தேன். அதுதான் தப்பு. இந்த நோய்க்கு இலை நனையவே வேண்டாம். நிழலும், காற்றில் ஈரப்பதமும், மிதமான குளிர்ச்சியும் போதும். பலத்த மழை பெய்தால் வித்துகள் கழுவிக்கொண்டு போய்விடும்.

எல்லா நோயும் இப்படியில்லை. புகையிலைக்கே வரும் தவளைக்கண் புள்ளி நோய்க்கு வெப்பமும் இலை ஈரமும் வேண்டும். நீலப்பூசணம் என்ற இன்னொரு நோய்க்கோ குளிர்ந்த, ஈரமான இரவு. இலையின் அடியில் இரவில் வித்து உண்டாகும். காலையில் இலை காயும்போது காற்றில் கிளம்பும். சுள்ளென்ற வெயிலில் செத்துவிடும். மேகம் மூடியிருந்தால் குடை பிடித்த மாதிரி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் உயிரோடு போய் இறங்கும். 1950களின் கடைசியில் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது, சில ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கா வரை போய்விட்டது. 1979-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பேரழிவு. பிற்பாடு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், காற்று போகும் பாதையைக் கணித்து விவசாயிகளுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தார்கள். இதில் எந்தப் பக்கத்து வயல்காரரைப் பிடித்துச் சண்டை போடுவது?

நீலப்பூசணம் பூசணமே இல்லை, பழுப்புப் பாசிக்கு உறவான உயிரி என்று திருத்த ஒருவர் வருவார். தெரியும் ஐயா, பேச்சு வழக்கில் சொன்னேன். புகையிலை பயிரிடுவதே பாவம் என்று இன்னொருவர் வருவார். அது வேறு கேள்வி, தனியாகக் கேளுங்கள்.

நீங்கள் முதலில் வயலின் நடுவே போய் அடி இலைகளைத் தூக்கிப் பாருங்கள். அங்கே முற்றியிருந்தால், நோய் உங்களுக்குத் தெரியாமலே கொஞ்ச நாளாகக் குடியிருக்கிறது.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அந்தச் சமயத்தில் யாருக்கும் தெளிப்பானை இரவல் கொடுக்காதீர்கள். என்னிடம் வாங்கிப் போனவர் (மேலே சொன்ன அண்ணன் இல்லை, அவர் தங்கமான மனிதர்) மருந்து பீய்ச்சும் முனையான நாசில் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். நாசில் இல்லாத தெளிப்பானை எவனாவது ஒரு வாரம் வைத்திருப்பானா?