வெளிநாட்டிலிருந்து செயின்சா வாங்கலாமா, உள்ளூர் டீலரிடமே வாங்குவதா?

உங்கள் கேள்வி இதுதான்: அதே நிறுவனம், அதே மாடல் எண், ஆனால் வெளிநாட்டு இணையக் கடையில் மூன்றில் ஒரு பங்கு மலிவு. அனுப்பும் செலவும் சுங்க வரியும் போக இன்னும் மிச்சம் நிற்கிறது. பிறகு எதற்கு டீலர்? இதே கணக்கை நானும் ஒருமுறை போட்டேன். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. கணக்கில் சேர்க்காமல் விட்டவைதான் கையைக் கடித்தன.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரைத் தானே கழற்றி மாட்டத் தெரியாதவர் டீலரிடம் வாங்குவதே நல்லது என்பது என் முடிவு. தெரிந்தவர் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் உறவினர் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்த்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருந்தது. அங்கே ஒரே ஒரு பருவம் ஓடிய, பெயர்பெற்ற நிறுவனத்தின் 50 சிசி பெட்ரோல் ரம்பம் ஒன்றை மலிவாகப் பிடித்து எனக்கு அனுப்பி வைத்தார். இரண்டே இழுப்பில் பற்றிக்கொண்டது. விசையை முழுதாக அழுத்தினால் குளவி ரீங்கரிப்பதுபோல் பிசிறில்லாத ஒரே சுருதி. கேட்கச் சுகமாக இருந்தது. நான்காம் நாள், ஒரு தடித்த கட்டையின் பாதியில் அந்தச் சுருதி இன்னும் ஒரு படி மேலே ஏறியது. சட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

டீலரிடம் எடுத்துப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் என்ஜினைத் திறக்கவே இல்லை. சைலன்சரை மட்டும் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்து, "நீங்களே பாருங்கள் சார்" என்று நகர்ந்துகொண்டார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். அலுமினியம் உருகி வழித்துவிட்டதுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். உயரமான ஊரில் காற்று அடர்த்தி குறைவு. அதற்கேற்பக் கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தார்கள். தாழ்ந்த ஊருக்கு வந்ததும் காற்று அடர்த்தியாகிவிட்டது, பெட்ரோல் போதவில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சரியாகத் திருகி வைத்த ரம்பம், மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் கரகரவென்று தடுமாறும். மரத்தில் பதித்ததும் அந்தக் கரகரப்பு தெளியும். நான் ரசித்த இனிய சுருதி, உண்மையில் என்ஜின் தாகத்தில் கத்திய சத்தம். (ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் உள்ள மாடல்கள் இந்த அளவைத் தாமே சரிசெய்துகொள்ளும். மற்ற மாடல்களுக்குத் திருகுதான், அதைத் திருப்பத் தெரிந்த கைதான்.)

பிஸ்டன் போனால் வேறு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டீலர் வரிசை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு சந்தைக்கும் உள்ள புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்பக் கார்புரேட்டர், சைலன்சர், சில சமயம் சிலிண்டர்கூட மாறும். என் ரம்பத்துக்கு உரிய சிலிண்டர் அவருடைய பட்டியலிலேயே இல்லை. உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், பிறகு நானே மூடிக்கொண்டேன். பழையதாக வாங்கியது என்பது ஒருபக்கம். புதிதாக வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் உத்தரவாதம் வாங்கிய நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். பணம் கட்டுவதற்கு முன் உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

பிஸ்டன் எப்போதாவது போவது. செயின் அடிக்கடி போவது. அங்கேதான் வெளிநாட்டு ரம்பம் தினசரித் தொல்லை கொடுக்கும். செயின் வாங்க மூன்று அளவு பொருந்த வேண்டும். ஒன்று பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மொத்த நீளத்தில் பாதி. 3/8 அங்குலம், .325 அங்குலம் இரண்டும் அதிகம் புழங்குபவை. இரண்டு கேஜ்: பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) பள்ளத்துக்குள் ஓடும் பல்லின் தடிமன், 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று. மூன்று, அந்தப் பற்களின் எண்ணிக்கை. 64 பல் செயின் வேண்டிய பாரில் 66 பல் செயின் தொங்கும். ஒரே மாடல் ஒரு நாட்டில் 1.3 பாரோடும் இன்னொரு நாட்டில் 1.5 பாரோடும் வரலாம். 1.5 செயினை 1.3 பள்ளத்தில் திணிக்க முடியாது, அது நல்லதுதான், அங்கேயே தெரிந்துவிடும். 1.3 செயின் 1.5 பள்ளத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆடும், சாயும், நேராக அறுக்காமல் வில்லாக வளையும். நான் முதலில் செயினைத் தீட்டும் அரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீலர் கூடுதலாக வாங்கும் பணத்துக்கு என்ன செய்கிறார் என்று கேட்டால், நல்ல டீலராக இருந்தால், பெட்டியோடு தூக்கிக் கொடுக்கமாட்டார். ஓட்டிக் காட்டுவார். விசையை விட்டதும் என்ஜின் ஓட, செயின் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். பிரேக்கைத் தட்டி, செயின் அந்தக் கணமே நிற்கிறதா என்று பார்ப்பார். பார் நுனியை வெளிர்நிற மரத்துண்டுக்கு மேலே பிடித்து வேகத்தைக் கூட்டுவார். பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும், விழாவிட்டால் பாருக்கு எண்ணெய் வரவில்லை. 50:1 கலவை என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் என்று கையில் அளந்தே காட்டுவார். பெட்டியை மட்டும் நீட்டுகிற டீலரிடம் கூடுதல் காசு கொடுப்பதற்கு எனக்கும் காரணம் தெரியவில்லை.

மின்சார ரம்பம் என்றால் பேச்சே குறைவு. 120 வோல்ட் நாட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் கருகும். பேட்டரி ரம்பத்தைப் பயணப் பெட்டியில் கொண்டுவர நினைத்தால், 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துவர முடியாது. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றாலே 180 ஆகிவிட்டது. பெட்ரோல் ரம்பத்திலும் ஒருமுறை எரிபொருள் ஊற்றியிருந்தால், வாடையை மோப்பம் பிடித்தே இறக்கிவைத்துவிடுவார்கள்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர்பெற்ற நிறுவனங்களின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே ஒட்டி நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் விற்கிறார்கள். என்ஜின் மட்டமாக இருந்தால் பணத்தோடு போகும். பிரேக் மட்டமாக இருந்தால், பார் நுனி எதிர்பாராமல் எகிறும்போது அது உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

இனி, வெளிநாட்டில் வாங்கலாம் என்று நான் நினைப்பவர்கள். கார்புரேட்டர் திருகு, அரம், செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாம் கைப்பழக்கம் உள்ளவர். உங்கள் டீலர் தருவிக்கவே தருவிக்காத பெரிய மாடல் தேவைப்படுபவர். அப்படியானால் வாங்குமுன் வரிசை எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கி, உள்ளூர் டீலரிடம் காட்டி, "இதற்குப் பிஸ்டனும் செயினும் தருவீர்களா?" என்று கேளுங்கள். கொஞ்சம் முறைப்பார், பதில் சொல்வார். பழைய ரம்பம் என்றால் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்த புகைப்படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

என்னுடையது இன்னும் மூலையில் இருக்கிறது. அதன் பாரை மட்டும், பிறகு டீலரிடம் வாங்கிய ரம்பத்துக்குப் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.