வசவைக் குறையுங்கள், திகதியை எழுதுங்கள்

கேள்வி: மலிபன் வீதியில் கொப்பி, பேனை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒன்பது வருடங்களாக என்னிடம் வேலை செய்யும் களஞ்சியப் பொறுப்பாளர் அண்மைக்காலமாகப் பிந்தி வருகிறார். கேட்டால், வாடிக்கையாளர் முன்னிலையில் எதிர்த்துப் பேசுகிறார். இறுதி எச்சரிக்கைக் கடிதம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். தண்டமாக இரண்டு நாள் சம்பளத்தையும் வெட்ட எண்ணம். கடிதம் சரியா, ஐயா?
– வாசகர், கொழும்பு 11

பதில்: சரியில்லை. 'பொறுப்பற்ற', 'நன்றிகெட்ட', 'திமிர்பிடித்த' என்று முதற் பந்தியிலேயே மூன்று வசவு. ஆனால் எத்தனை மணிக்கு வந்தார் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. திகதிகள் மட்டும் நான்கு கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒன்று 2025 மார்ச் 13. நாட்காட்டியைப் பாருங்கள், அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டியிருந்தால் அவர் எங்கே பிந்தி வருவது? திறந்திருந்தால், அன்றைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுத்தீர்களா என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். அப்படி ஒரு நாள் வந்தால், உங்கள் கையெழுத்திட்ட இந்தத் தாளை அவருடைய சட்டத்தரணிதான் முதலில் எடுத்து நீட்டுவார்.

'இறுதி எச்சரிக்கை' என்கிறீர்கள். முதல் எச்சரிக்கை எங்கே? வாயால் சொன்னது கோவையில் ஏறாது. அவருடைய பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இப்போது கொடுக்க வேண்டியது எச்சரிக்கை அல்ல, விளக்கம் கோரும் கடிதம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதையும் விட்டுவிடுங்கள். அவர் தமிழ் வாசிப்பவர், நீங்களும் தமிழர். இடையில் யாருக்காக அந்த ஆங்கிலம்? இப்படி எழுதலாம்:

"உங்கள் வேலை ஆரம்பிக்கும் நேரம் காலை 8.30. வரவுப் பதிவேட்டின்படி மார்ச் 4ஆம் திகதி 9.40க்கும், 10ஆம் திகதி 9.25க்கும் வந்துள்ளீர்கள். 10ஆம் திகதி இதுபற்றிக் கேட்டபோது, வாடிக்கையாளர் இருவர் முன்னிலையில் உரத்த குரலில் '...' என்று கூறினீர்கள். இவை குறித்து உங்கள் விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரவும்."

நேரங்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. பதிவேட்டைப் பார்த்து நிரப்புங்கள். புள்ளியிட்ட இடத்தில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். 'மரியாதைக் குறைவாகப் பேசினார்' என்பது உங்கள் அபிப்பிராயம். சொன்ன வார்த்தைதான் சம்பவம். நினைவில் இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டையே எடுத்துவிடுங்கள்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிடைத்ததாகக் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் கடையில் வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் போடுங்கள்.

சம்பளத்தில் கைவைக்காதீர்கள். முதலாளிக்குக் கோபம் வந்தது என்பதற்காகத் தண்டம் வெட்டக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இடம் தராது.

ஒன்பது வருடம் நேரத்துக்கு வந்தவர் இப்போது ஏன் பிந்துகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டில் நோயாளியா, வேறிடத்துக்குக் குடிபோய்விட்டாரா, வேறு கடையில் பேச்சு நடக்கிறதா? ஏழு நாளில் வரும் பதிலில் அது இருக்கக்கூடும். பதிலின் பிரதியை எனக்கு அனுப்புங்கள்; எச்சரிக்கைக் கடிதம் தேவையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.