கண்ணீரைப் பரிசோதித்தால் என்ன தெரியும்?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 62. கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது. காற்றுப் பட்டால் தாரையாக நீர் வடிகிறது. டாக்டர் ‘கண் வறட்சி’ என்கிறார். நீர் வடியும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்? கண்ணீரில் உள்ள புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறதாமே, மதுரைக்கு அழைத்துப் போய் எடுத்துவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் படிந்திருக்க வேண்டும். இமை ஓரத்துச் சுரப்பிகள் விடும் எண்ணெய்தான் அதன் மேல்பூச்சு. எண்ணெய் குறைந்தால் படலம் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த இடத்தில் நரம்பு உறுத்தியதும் கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகத் திறந்துகொள்கிறது. அப்படி அவசரத்தில் வரும் நீர் கண்ணில் தங்காது, கன்னத்தில் வழிந்துவிடும்.

கண்ணீரில் 1,500-க்கும் மேற்பட்ட புரதங்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மருத்துவமனை அளவில் கிட்டாக வந்திருப்பவற்றில் முக்கியமானது எம்.எம்.பி-9. கண்ணின் மேற்பரப்பில் அழற்சி இருந்தால் கூடும் நொதி இது. கீழிமையின் உட்புறத்தில் பல இடங்களில் ஒற்றியெடுத்து, கரைசலில் நனைத்து, 10 நிமிடம் கழித்துப் பார்த்தால், மில்லிக்கு 40 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புக் கோடு விழும். ஆனால் அலர்ஜி, கிருமித்தொற்று, அண்மையில் செய்த கண் அறுவை எதுவானாலும் அதே கோடு விழும். அதனால் இதை மட்டும் வைத்து கண் வறட்சி என்று சொல்லிவிட முடியாது. வறட்சி உறுதியான பிறகு, அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற சொட்டு மருந்து தேவையா என்று முடிவெடுக்கத்தான் இது உதவும்.

எனவே முதலில் எளிய சோதனைகள் போதும். கீழிமையில் தாள் மாட்டி 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் சுரப்பு குறைவு. சாயம் விட்டுப் பார்க்கையில் 10 விநாடிக்குள் படலம் உடைந்தால் அது நிலைத்து நிற்கவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: ஆத்தாவால் தேன்குழலைத் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடிகிறதா? வாயும் வறண்டு மூட்டுவலியும் இருந்தால், உடலின் எதிர்ப்புசக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். சைக்ளோஸ்போரின் எழுதித் தந்தால், எரிகிறதே என்று முதல் மாதத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும்.

கேள்வி: ஆய்வுக்காகக் கண்ணீரில் எம்.எம்.பி-9, கிருமிகளைத் தடுக்கும் புரதமான லாக்டோஃபெரின் இரண்டையும் அளக்கிறேன். ஒரே ஆளிடம் திங்கட்கிழமை எடுத்த எம்.எம்.பி-9 அளவில் வியாழக்கிழமை பாதிகூட இல்லை. கிட் சரியில்லையா?
– ஆய்வு மாணவர், காரைக்குடி

பதில்: கிட்டைச் சந்தேகிக்கும் முன் கண்ணீர் எடுத்த விதத்தைப் பாருங்கள். ஒரு கண்ணில் எந்த நேரமும் இருப்பது சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். கண்ணீர் எடுக்கும் நுண்குழாயின் நுனி இமையில் உரசினாலே புதுக் கண்ணீர் பாய்ந்து பழையதை நீர்த்துவிடும். லாக்டோஃபெரின் சுரப்பியிலிருந்தே வருவதால் அவ்வளவாக இறங்காது, ரத்தத்திலிருந்து கசியும் புரதமான அல்புமினும் எம்.எம்.பி-9-உம் இறங்கும். உங்கள் வியாழக்கிழமை மாதிரியில் லாக்டோஃபெரின் மாறாமல் எம்.எம்.பி-9 மட்டும் விழுந்திருந்தால், அந்த ஆளுக்குக் கண் கலங்கியிருக்கிறது என்றே முதலில் நினைப்பேன்.

5 மைக்ரோலிட்டர் கண்ணாடி நுண்குழாயைக் கண்ணின் வெளிமூலையில், கீழிமை ஓரத்து நீர்க்கோட்டில் மட்டும் தொட்டு மெல்ல ஏறவிடுங்கள். மளமளவென்று நிரம்பினால் அதைத் தூக்கிப் போடுங்கள். தாள் கீற்றில் எடுப்பது சுலபம். ஆனால் தாள் வெண்படலத்தில் படுவதால் செல்களின் புரதமும் சேர்ந்து வரும். ஒரே ஆய்வில் இரண்டு முறையையும் கலக்கவே கூடாது. தாள் என்றால் நனைந்த நீளத்தை மி.மீ.-இல் குறித்துவையுங்கள்.

சித்திரை வெயிலில் நடந்து வந்தவரை 20 நிமிடமாவது, ஃபேனுக்கு நேராக இல்லாமல் உட்காரவையுங்கள். சொட்டு மருந்து விட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சாயச் சோதனை கண்ணீர் எடுத்த பிறகுதான். தூங்கி எழுந்ததும் எடுக்காதீர்கள். மூடிய கண்ணில் புரதங்களின் விகிதமே வேறு. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே அறை.

எடுத்ததும் ஐஸில் வைத்து, சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். ஒரு பங்கை ஒரே முறைதான் உருக்கலாம். எம்.எம்.பி-9-இன் செயல்திறனையும் அளப்பதாக இருந்தால் கரைசலில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் வேண்டாம். அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: டைல்ஸ் பட்டறையில் வேலை. சிமென்ட் தூசி விழுந்து கண் எரிந்தால் விளக்கெண்ணெய் விடலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். ஈரத்தில் சிமென்ட் கடுமையான காரமாகிக் கண்ணின் புரதத்தையே அரித்துவிடும். உடனே இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். இமைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் துகளும் போக வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் நீங்களாக விடாதீர்கள். நாள்பட விட்டால் கண்ணழுத்தம் கூடும்.