ஊசி போட்டுப் பார்த்துவிட்டு எடைக் குறைப்பு அறுவைக்குப் போகலாமா?

கேள்வி: என் வயது 42. எடை 104 கிலோ, உயரம் 165 செ.மீ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் இரவில் சிபாப் கருவி போட்டுக்கொள்கிறேன். எடைக் குறைப்பு அறுவைக்கு ஒப்புதல் கேட்க நினைத்திருந்தேன். “அதற்கு முன்னால் வாரம் ஒருமுறை போடும் ஊசியை முயன்று பாருங்கள்” என்கிறார் என் டாக்டர். ஊசியால் கொஞ்சம் எடை குறைந்து, அதைக் காரணம் காட்டியே ஒப்புதலை மறுத்துவிட்டால்? பேசாமல் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முதல் ஊசி போடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் உங்கள் மருத்துவக் கோப்பில் ஏறியாக வேண்டும்: எந்த எடையில் தொடங்குகிறீர்கள், எந்த மாதத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கப் போகிறீர்கள். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்கும் ஊசி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்றைய பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 38.2. அறுவைக்கு ஒப்புதல் தரும் காப்பீட்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ பார்க்கக்கூடிய கோடு 35. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. 35 என்றால் எடை ஏறத்தாழ 95 கிலோ. அதாவது ஒன்பது கிலோ குறைந்தாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள்.

ஊசியால் எவ்வளவு குறையும்? இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வாராந்திர ஊசி மருந்துகளில் செமாக்ளூடைட் 15 சதவீதம், டிர்செபடைட் 20 சதவீதம் எடையைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவை சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகளின் சராசரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதே மருந்துகள் குறைவாகத்தான் எடையைக் குறைக்கின்றன. ஸ்டெப் 2 ஆய்வில் வாரம் 2.4 மி.கி. செமாக்ளூடைட் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு 68 வாரங்களில் சராசரியாக 9.6 சதவீதம் குறைந்தது. சர்மவுண்ட் 2 ஆய்வில் டிர்செபடைட் 15 மி.கி. அளவில் 72 வாரங்களில் 14.7 சதவீதம். உங்கள் உடம்பில் இதைப் போட்டுப் பார்த்தால் முதல் மருந்தில் 94 கிலோ, பி.எம்.ஐ. 34.5, இரண்டாவதில் 89 கிலோவை ஒட்டி, பி.எம்.ஐ. 32.6. இவை சராசரிதான். உங்களுக்கு இதைவிட நன்றாகவும் வேலை செய்யலாம், அசையாமலும் போகலாம்.

ஆக, ஊசி ஓரளவு வேலை செய்தாலே 35-க்குக் கீழே இறங்கிவிடுவீர்கள். ஆனாலும் உடல் பருமன் என்ற வரம்புக்கு வெளியே வந்திருக்க மாட்டீர்கள். ஒப்புதல் கேட்பவர்கள் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 35 என்ற கோடு பழையது. பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் இணைநோய் என்ற அளவுகோல் 1991-ல் வகுக்கப்பட்டது. 2022-ல் அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) அறுவை மருத்துவர்கள் சங்கமும் அத்துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அதை மாற்றின. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் 30-லிருந்தே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது புதிய வழிகாட்டி. ஆசிய வம்சாவளியினருக்கு வரம்பு 27.5. மருத்துவக் கண்ணோட்டத்தில் நீங்கள் 89 கிலோவுக்கு வந்தாலும் அறுவைக்குத் தகுதியானவர்தான். ஆனால் ஒப்புதல் தரும் காப்பீட்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ எந்த அளவுகோலை வைத்திருக்கிறது என்பது வேறு கதை. 1991-ன் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

எனவே அவர்களிடம் இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள்: “சிகிச்சை தொடங்கிய நாளின் எடையைக் கணக்கில் எடுப்பீர்களா, விண்ணப்பிக்கும் நாளின் எடையையா? எடை குறைக்கும் மருந்தை முயன்றதற்கான சான்று தேவையா? தேவை என்றால் எத்தனை மாதம்?” தொலைபேசியில் கிடைத்த பதில் பின்னால் உதவாது. மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மருந்து முயற்சியைக் கட்டாயமாக்கியிருக்கும் இடத்தில், உங்கள் டாக்டர் சொன்ன ஊசியே விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். விண்ணப்பிக்கும் நாளின் எடையைத்தான் பார்ப்போம் என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தோடு டாக்டரிடம் போங்கள். முதலில் விண்ணப்பம், பிறகு ஊசி என்று வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்பது முற்றிலும் சரி.

அடுத்தது கோப்பு. வீட்டுத் தராசு காட்டிய எடையை யாரும் ஏற்க மாட்டார்கள். ஊசி தொடங்கும் நாளில் கிளினிக்கில் எடையும் உயரமும் அளந்து, டாக்டர் குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: “104 கிலோ, 165 செ.மீ., பி.எம்.ஐ. 38.2, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், தூக்க மூச்சுத்தடை, சிபாப் பயன்பாட்டில், அறுவை பற்றிப் பேசப்பட்டது, அதற்கு முன் மருந்து முயற்சி தொடங்குகிறது.” அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். அறுவை எண்ணம் ஊசிக்கு முன்பே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு, தேதி, எடை, வாந்தி குமட்டல் போன்ற தொல்லைகள் எல்லாம் பதிவாகட்டும். மருந்து கிடைக்காமலோ, செலவு தாங்காமலோ நிறுத்த நேர்ந்தால் அந்தக் காரணமும் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் “நோயாளி தானாகவே விட்டுவிட்டார்” என்று பதிவாகிவிடும்.

எவ்வளவு காலம் பொறுப்பது? செமாக்ளூடைட் 0.25 மி.கி.யில் தொடங்கி, படிப்படியாக ஏறி 2.4-ஐத் தொடவே நான்கு மாதம் ஆகும். டிர்செபடைட் 2.5-ல் தொடங்கி 15-க்குப் போவதற்குச் சுமார் ஐந்து மாதம். இரண்டாவது மாதத்தில் தராசைப் பார்த்து மனம் உடைந்துபோக வேண்டாம். அப்போது நீங்கள் இருப்பது தொடக்க அளவில்தான். என் கணிப்பில் ஆறாவது மாதம் முதல் சோதனை. உடம்பு தாங்கும் அளவுக்கு மருந்தை ஏற்றியும் 5 சதவீதம், அதாவது ஐந்து கிலோகூடக் குறையவில்லை என்றால் மேலும் காத்திருப்பதில் பொருள் இல்லை. அறுவைப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். நன்றாகக் குறைந்துகொண்டிருந்தால் ஒரு வருடம் பாருங்கள். அன்றைக்கு எடையோடு ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரிச் சர்க்கரை) எவ்வளவு, மாத்திரைகள் குறைந்தனவா, மறுபடி எடுத்த தூக்கப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள். சர்க்கரையும் மூச்சும் சீராகி, ஊசியைத் தொடரவும் முடிகிறது என்றால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

“தொடரவும் முடிகிறது” என்றதைக் கவனியுங்கள். இந்த ஊசிகள் பசியை அடக்குவது போட்டுக்கொண்டிருக்கும் வரைதான். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. எனவே ஊசியையும் அறுவையையும் ஒப்பிடும்போது, ஒரு வருட ஊசியை அல்ல, வருடக்கணக்கில் தொடரும் ஊசியை அறுவையோடு வைத்துப் பாருங்கள்.

அறுவையில் சராசரியாக உடல் எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சற்றுக் குறையலாம். 25 என்றே வைத்தாலும் உங்கள் எடை 78 கிலோவுக்கு வரும். ஊசி எட்டாத தூரம் அது. கூடவே பி12, இரும்பு, கால்சியம் முதலியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனை வேண்டும், சில வருடங்களில் கொஞ்சம் எடை திரும்பவும் செய்யலாம். அப்படித் திரும்பினால் அப்போது இதே ஊசி கைகொடுக்கும். நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவையைவிட, உணவின் பாதையை மாற்றும் பைபாஸ் அறுவை பொருத்தமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. சர்க்கரை நோய் வந்து அதிக வருடம் ஆவதற்கு முன், இன்சுலின் தேவைப்படுவதற்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் நோய் தணியும் வாய்ப்பு அதிகம். நீங்கள் இப்போது அந்த நல்ல கட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு வருட முயற்சியால் அது கைநழுவிவிடாது. முடிவே எடுக்காமல் மூன்று நான்கு வருடம் ஓட்டினால் நழுவிவிடும்.

ஊசி மருந்தைத் தொடவே கூடாதவர்களும் உண்டு: குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள். கணைய அழற்சி வந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்குக் குறிப்பாக இரண்டு: சல்ஃபொனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரை (கிளிமெபிரைட் போன்றவை) எடுத்தால் ஊசி தொடங்கும்போதே அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையேல் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். அதனால் முதல் ஊசிக்கு முன் கண் பரிசோதனை. கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால், டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பு முறையும் வேண்டும்.

கடைசியாக, ஊசியும் அறுவைக்கான ஆயத்தமும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஊசிச் சீட்டோடு அறுவைக் குழுவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். உணவியல் நிபுணர், மனநல மதிப்பீடு, எண்டோஸ்கோபி எல்லாம் முடியவே மாதங்கள் ஆகும். ஊசி நடக்கும்போதே அவையும் நடக்கட்டும். எண்டோஸ்கோபிக்கோ அறுவைக்கோ மயக்க மருந்து தரும் நாளில், கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று மயக்கவியல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஊசியால் இரைப்பையிலிருந்து உணவு மெதுவாகத்தான் வெளியேறும். வெறும் வயிறு என்று நீங்கள் நினைக்கும் நேரத்திலும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம்.