“சரியா அம்மா?”

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஒவ்வொரு கணக்கையும் போட்டவுடன் “சரியா அம்மா?” என்று என் முகத்தையே பார்க்கிறாள். தன் படிப்பைத் தானே பார்த்துக்கொள்ள அவளை எப்படிப் பழக்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரி, தவறு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று அவள் எழுதியிருந்தால், நீங்களே திருத்திக் கொடுப்பதற்குப் பதிலாக, எப்படிப் போட்டாள் என்று கேளுங்கள். “ஏழில் இரண்டு போனால் ஐந்து” என்று அவள் சொல்லும்போது, இரண்டில் ஏழு போகாது என்பதால் எண்களைத் திருப்பிப் போட்டிருப்பது உங்களுக்கு விளங்கும். விடையோடு 27-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால், 62 வருவதைக் கண்டு அவளே மறுபடி போடத் தொடங்குவாள். அந்த நேரத்தில் குறுக்கிடாமல் காத்திருப்பது பெற்றோருக்குக் கடினம்தான், ஆனாலும் காத்திருங்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் ‘கற்றல் ஏணி’ என்ற அட்டவணையைக் குழந்தை பார்த்துத் தான் நிற்கும் படியைக் கண்டறிந்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து வந்து படித்து, முடித்தபின் அடுத்த படிக்குச் சென்றது. தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஏழு வயதுக் குழந்தையாலும் அறிய முடியும் என்ற அந்த நம்பிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வீட்டில் இதற்கு ஒரு பழைய நோட்டு போதும். இன்று எது புரிந்தது, எது இன்னும் குழப்புகிறது என்று இரவில் இரண்டு வரி எழுதி, நாளை எதை முதலில் படிப்பது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். அந்த நோட்டில் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாதீர்கள்.