பழைய கணினியைக் கொடுக்குமுன் அதிலுள்ள ஆவணங்களை எப்படி அழிப்பது?

கேள்வி: நான் அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். 2013-இல் வாங்கிய மேசைக் கணினியை எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கும், மகள் கல்லூரியில் பயன்படுத்திய மடிக்கணினியைத் தங்கை மகனுக்கும் கொடுக்க எண்ணியிருக்கிறேன். முதலாவதில் விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்; இரண்டாவதில் விண்டோஸ் 10, எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டு). இவை தவிர, வண்ணார்பேட்டையில் தம்பி வீட்டில் இருந்து 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்துபோன கணினி ஒன்றும் பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கிறது. மேசைக் கணினியில் கோப்புகளை எல்லாம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். “ஒரு ஃபார்மேட் போட்டாப் போதும் அண்ணாச்சி” என்கிறார் சர்வீஸ் கடைத் தம்பி. போதுமா?

பதில்: போதாது. ஏன் போதாது என்பதை உங்கள் தொழிலை வைத்தே விளக்கிவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1 புத்தகத்தில் பதிவான ஒரு கிரையப் பத்திரத்தைத் தேடி எடுப்பதற்குப் பெயர் அட்டவணையும் சொத்து அட்டவணையும் இருக்கின்றன. யாரோ ஒருவர் அட்டவணையிலிருந்து ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டால், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு அந்தப் பத்திரம் தென்படாது. ஆனால் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டுகிறவருக்கு அது அப்படியே கிடைக்கும். கணினியில் ஒரு கோப்பை அழிக்கும்போதும் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போதும் நடப்பது இதுதான். கோப்பு இருந்த இடம் இனிக் காலி என்று அட்டவணையில் குறிக்கப்படுகிறதே தவிர, ஹார்ட் டிஸ்கின் காந்தப் பரப்பில் எழுதப்பட்டது வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கிறது. போட்டோரெக், ரெகுவா போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையை நம்பாமல் வட்டையே புரட்டிப் படிப்பவை. அவற்றை இயக்கத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. பள்ளி மாணவர் ஒருவரே ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடுவார்.

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிற நான், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளருக்காகப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினேன். ஃபார்மேட் செய்யப்பட்டு வெறுமையாகத்தான் தெரிந்தது. பழுது இருக்கிறதா என்று சோதிக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்குப் புத்தக நகல்களும், ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியலும், மருத்துவ அறிக்கைகளும் வரிசையாக மீண்டு வந்தன. உடனே நிறுத்திவிட்டு முழுவதையும் மேலெழுதி அழித்தேன். அன்றிலிருந்து என் கடைக்கு வரும் எந்த வட்டையும் அழிக்காமல் வெளியே விட்டதில்லை.

உங்கள் நிலை அந்தக் குடும்பத்தினுடையதைவிடக் கனமானது. உங்கள் கணினியில் இருப்பவற்றில் உங்களுக்குச் சொந்தமானவை குறைவு. எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், சாட்சிகள் ஆகியோரின் ஆதார் நகல், பான் எண், புகைப்படம், பட்டா, மூலப்பத்திரம் என்று எத்தனையோ குடும்பங்களின் காகிதங்கள் அதில் இருக்கும். ஒரு வேலைக்காக வாங்கிய தனிநபர் விவரத்தை அந்த வேலை முடிந்த பிறகு வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் ஆகும். ஆகவே சற்று மெனக்கெட்டாலும் இதை முறையாகவே செய்துவிடுங்கள்.

அழிப்பதற்கு முன், தேவையானவற்றை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் பலரும் தவறவிடுகிற ஒன்று எழுத்துருக்கள். பழைய பத்திர மாதிரிகளை யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகள் இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, வேறொரு கணினியில் நான்கைந்து பத்திரங்களைத் திறந்து படித்துப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். நகலெடுத்து முடித்ததும் அந்த வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். அழிக்கும் மென்பொருள் இணைத்திருக்கிற வட்டுகளை எல்லாம் ஒரே பட்டியலில் காட்டும். அதில் தவறான எண்ணைத் தேர்ந்தெடுத்து, பாதுகாத்து வைத்த நகலையே அழித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

இப்போது ஃபார்மேட்டுக்கு வருவோம். கடைத் தம்பி சொல்வது முழுவதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. குயிக் ஃபார்மேட் என்பது பழைய அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய, வெற்று அட்டவணை ஒன்றை வைப்பது. புத்தகத்தை அது தொடுவதே இல்லை. ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, குயிக் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் செய்கிற முழு ஃபார்மேட், அந்தப் பகுதி முழுவதிலும் சுழியத்தை எழுதுகிறது. உங்கள் விண்டோஸ் 7-க்கும் இது பொருந்தும். ஆகவே டி, இ டிரைவ்களை இப்படி அழித்துவிடலாம். சிக்கல் சி டிரைவில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தான் நிற்கிற தரையைத் தானே பெயர்க்க அது மறுக்கும். டெஸ்க்டாப்பில் வைத்தவை, டவுன்லோட்ஸ், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாமே பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும்.

அதனால் மேசைக் கணினியை விண்டோஸ் நிறுவும் டிவிடி அல்லது பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். முதல் திரை வந்ததும் ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 விசையை அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்ற நிரலைத் திறந்து, ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கொடுத்து வட்டின் எண்ணைப் பார்த்து, ‘செலக்ட் டிஸ்க்’ என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்துத் தேர்ந்தெடுத்து, ‘கிளீன் ஆல்’ என்று கொடுங்கள். கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ‘ஆல்’ என்ற சொல் விடுபட்டால் மறுபடியும் அட்டவணை மட்டும்தான் போகும். அந்தச் சொல் இருந்தால் வட்டின் ஒவ்வொரு இடத்திலும் சுழியம் எழுதப்படும். நொடிக்கு 100 எம்பி வீதம் எழுதுகிற வட்டு என்றால் 500 ஜிபி முடிய ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பழைய வட்டு என்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மின்சாரம் போனால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் யு.பி.எஸ். இருப்பது நல்லது.

ஒரு முறை எழுதினால் போதுமா, 35 முறை எழுத வேண்டும் என்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அந்த எண் பீட்டர் குட்மேன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்து வட்டுகளின் பல்வேறு எழுதும் முறைகளை எல்லாம் கணக்கில் கொண்டு அவர் அப்படி வகுத்தார். இன்றைய வட்டுகளுக்கு அது தேவையில்லை என்று பின்னர் அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2014-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியும், சாதாரண மீட்பு முயற்சிகளைத் தடுக்க ஹார்ட் டிஸ்கை ஒரு முறை மேலெழுதினால் போதும் என்றது. 35 முறை எழுதினால் உங்கள் வட்டு இரண்டு நாளுக்கும் மேல் ஓடும். அதனால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் எதுவும் இல்லை.

முடிந்ததா என்பதைச் சொல்கேட்டு நம்ப வேண்டாம். அதே போட்டோரெக்கை ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பும் மீளாவிட்டால் வட்டு துடைக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன என்பதால், படிப்பகத்துக்கு அதையே திரும்ப நிறுவிக் கொடுக்காமல் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக் கொடுங்கள். என்னைக் கேட்டால், இதைவிடவும் மனநிறைவான வழி ஒன்று உண்டு: பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக் கொடுப்பது. படிப்பகத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வேகமாகவும் இருக்கும், பத்திரங்கள் உங்கள் வீட்டை விட்டுப் போகவும் போகாது.

மடிக்கணினியின் கதை வேறு. எஸ்.எஸ்.டி.யின் நினைவு அறைகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடவைதான் எழுத இடங்கொடுக்கும் என்பதால், அதன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எல்லா அறைகளும் சமமாகத் தேயும்படி எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய கோப்பின்மேல் சுழியத்தை எழுதுவதாக நாம் நினைத்தாலும் அது வேறொரு புதிய அறையில் போய் விழலாம். நமக்குக் காட்டப்படாத உபரி அறைகளும் உண்டு. 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, தனிக் கோப்புகளை மேலெழுதி அழிக்கும் முறை எதுவும் எஸ்.எஸ்.டி.யில் நம்பத்தக்கதாக இல்லை என்று கண்டார்கள். ஆகவே அழிக்கும்படி அந்தச் சில்லுக்கே கட்டளையிட வேண்டும். பல மடிக்கணினிகளின் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கிற அமைப்புத் திரையில், செக்யூர் எரேஸ் என்ற வசதி இருக்கும்; இல்லையென்றால் எஸ்.எஸ்.டி.யைத் தயாரித்த நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருளில் இருக்கக்கூடும். இருந்தால் அதுவே முதல் தேர்வு.

இல்லாதபோது, விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர் மூலம் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிட்டு, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு, ரீசெட் செய்யுங்கள். பயன்படுத்திய இடத்தை மட்டுமா, முழு டிரைவையுமா என்று பிட்லாக்கர் கேட்கும்போது முழு டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெக்கவரி என்று போய், ரீசெட் திஸ் பிசி என்பதில் ரிமூவ் எவ்ரிதிங் என்பதை அழுத்துங்கள். அங்கே சேஞ்ச் செட்டிங்ஸ் என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் திறந்து, கிளீன் டேட்டா என்பதை இயக்கிவிட வேண்டும். அது தானாக இயங்கு நிலையில் இருக்காது என்பதால் இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் முழுமையாக இருக்காது. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

ரீசெட் செய்யுமுன் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அந்த மடிக்கணினியை நீக்கிவிடுங்கள். அவருடைய கைபேசி வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் என்பதைத் திறந்து பழைய கணினியை வெளியேற்றச் சொல்லுங்கள். கூகுள் கணக்கிலும் அப்படியே. கணினியில் எல்லாம் அழிந்தாலும் அந்த அனுமதிகள் கணக்கின் பக்கத்தில் நிலுவையில் நிற்கக்கூடும்.

வெள்ளத்தில் நனைந்த கணினிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தாமிரபரணி கரைமீறிய அந்த டிசம்பருக்குப் பிறகு, இயங்காத கணினிகளை எடைக்குப் போட்டவர்கள் நம் பகுதியில் ஏராளம். கணினி செத்துவிட்டது என்பதற்கு மதர்போர்டோ பவர் சப்ளையோ செத்தது என்றே பெரும்பாலும் பொருள். ஹார்ட் டிஸ்கின் காந்தப் பதிவைத் தண்ணீர் அழிப்பதில்லை. சேறு படிந்த வட்டிலிருந்தும் தரவை மீட்டுத் தருகிற ஆய்வகங்கள் இருக்கின்றன. தம்பியிடம் அதிலிருந்து எதுவும் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் அதற்கு மின்சாரமே கொடுக்காமல் அப்படியே தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

வேண்டாமென்றால் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சாட்டா யு.எஸ்.பி. கேபிள் மூலம் வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். இயங்கினால் மேற்சொன்ன டிஸ்க்பார்ட் முறையிலேயே அழித்துவிடலாம். சுழலவே இல்லை என்றால் துளைபோடும் இயந்திரத்தால் உள்ளிருக்கும் தட்டுகளை ஊடுருவும்படி மூன்று, நான்கு இடங்களில் துளையிடுங்கள். மேலே இரண்டு அடி சுத்தியலால் அடித்தால் பச்சை நிறச் சுற்றுப்பலகை உடையுமே தவிர, தட்டுகள் தப்பித்துவிடக்கூடும். மடிக்கணினி வட்டுகளில் தட்டு கண்ணாடியாலும் செய்யப்பட்டிருக்கலாம். சில்லு சில்லாகத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வட்டின்மேல் ஒரு தடித்த துணியும் அவசியம். எரிப்பது கூடாது, அந்தப் புகை நச்சு. துளையிட்ட வட்டையும் எஞ்சிய பெட்டியையும் மின்கழிவு வாங்கப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. அப்படி ஒருவர் அருகில் கிடைக்கும் வரை வெறும் பெட்டி திண்ணையில் கிடந்தாலும் பாதகமில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும்.